போர், டாலர், விசா... நடுவுல ஒரு பைபிள் காலேஜ்!

கவுன்சலிங், கட்-ஆஃப், கேம்பஸ் இன்டர்வியூனு ஒரு காலேஜைத் தேர்ந்தெடுக்க உங்ககிட்ட ஆயிரம் கணக்கு இருக்கும். இந்தக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க.

வருஷக்கணக்குல கஷ்டப்பட்டு வாங்குற டிகிரியை, உங்க நாட்டு அரசாங்கம் ஒரு டிகிரியாவே மதிக்காம போகலாம். பாடப் புத்தகங்கள்ல பலதும் வேற கண்டத்துல, வேற ஜனங்களுக்காக எழுதினது. காலேஜ் போற வழியில துப்பாக்கியோட செக்போஸ்ட். படிச்சு முடிச்சு வேலைக்குப் போனா, அந்த ஊர்ல உங்களை நம்பி இருந்த பல குடும்பங்கள் ஸ்வீடனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ டிக்கெட் எடுத்துட்டுப் போயாச்சு.

இப்ப சொல்லுங்க, சேருவீங்களா?

சேர்றதுக்கு ஆள் இருக்காங்க! பெய்ரூட், கெய்ரோ, பெத்லகேம், அம்மான், எர்பில்னு அரபு உலகத்துல இருக்கிற கிறிஸ்தவ இறையியல் கல்லூரிகள்லதான் இந்தக் கதை. இறையியல்னா வேற ஒண்ணும் இல்ல... ஃபாதராகவோ, பாஸ்டராகவோ, வேதபாட ஆசிரியராகவோ ஆகறதுக்கான படிப்பு. நீங்க எந்த மதமா இருந்தாலும் சரி, ஒரு மாணவரா இந்த காலேஜ்களை ஒரு ரவுண்ட் சுத்திப் பார்க்கலாம் வாங்க!

அங்கே கிறிஸ்தவங்களா?

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துடலாம். உங்க மாமாவோ சித்தப்பாவோ துபாய், குவைத் பக்கம் இருந்தா, அங்கே சர்ச்ல தமிழ்லயே ஆராதனை நடக்கிறதைச் சொல்லியிருப்பாங்க. அது பிழைக்கப் போனவங்களோட சர்ச். சவுதி அரேபியாவுல அதுவும் கிடையாது. நாம இங்கே பேசப்போறது வேற ஆட்களைப் பத்தி. எகிப்து, லெபனான், சிரியா, இராக், ஜோர்டான், பாலஸ்தீனம்... அந்த மண்ணுலயே பிறந்து, பெரும்பாலும் அரபியே தாய்மொழியா பேசுற கிறிஸ்தவங்க.

இவங்க நேத்து வந்தவங்க இல்ல. இஸ்லாம் வர்றதுக்கு முன்னாலயே அங்கே இருந்தவங்க. நிசிபிஸ்ங்கிற ஊர்ல (இப்ப அது துருக்கியில நுசைபின்) அஞ்சாம், ஆறாம் நூற்றாண்டுகள்லயே பேர் பெற்ற இறையியல் பள்ளி ஓடிட்டிருந்தது. பாக்தாத்துல கலீஃபா அல்-மஹ்தியோட, கிழக்குத் திருச்சபைத் தலைவர் முதலாம் திமோத்தேயு உட்கார்ந்து ரெண்டு நாள் மத விவாதம் பண்ணினது 781 வாக்குல. ரெண்டு பேரும் மரியாதையாத்தான் பேசியிருக்காங்க. கிரேக்க மருத்துவ நூல்களை மொழிபெயர்த்துப் பேர் வாங்கின ஹுனைன் இப்னு இஸ்ஹாக், ஒரு அரபுக் கிறிஸ்தவர். ஹர்ரான் ஊர் பிஷப் தியோடர் அபூ குர்ரா, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே அரபியில இறையியல் எழுதினவர்.

இவ்வளவு பெரிய பாரம்பரியம் இருந்தும், இன்னைக்கு ஒரு அரபு இறையியல் மாணவன் கையில இருக்கிற புத்தகம் பெரும்பாலும் இங்கிலீஷ்ல இருந்து மொழிபெயர்த்தது. ஏன்னு கேட்டா, ஊர் ஊரா போய்த்தான் பதில் தேடணும்.

ஸ்டாப் 1: பெய்ரூட்

ஹம்ரா. பெய்ரூட்டோட செம ஜாலியான ஏரியா. காபிக் கடை, புத்தகக் கடை, சினிமா, மாணவர் கூட்டம். பக்கத்துலயே பிளிஸ் தெரு, அமெரிக்கன் யுனிவர்சிட்டி. 1866-ல் மிஷனரிகள் ஆரம்பிச்ச சிரியன் புராட்டஸ்டன்ட் காலேஜ்தான் பிற்பாடு இந்த யுனிவர்சிட்டியாச்சு. முதல் தலைவர் டேனியல் பிளிஸ் பேர்தான் தெருவுக்கு.

அங்கிருந்து பொடிநடையா ஜான் தார்க் தெருவுக்கு வந்தா, நியர் ஈஸ்ட் ஸ்கூல் ஆஃப் தியாலஜி. பெய்ரூட்ல இருந்த ஒரு பள்ளியும், ஏதென்ஸ்ல இருந்த ஒரு பள்ளியும் 1932-ல் ஒண்ணாச் சேர்ந்து உருவானது. சிரியா, லெபனான் பிரஸ்பிட்டேரியன்கள், ஆர்மீனிய சுவிசேஷ சபைகள், ஆங்கிலிக்கன், லூத்தரன்னு நாலு சபைகளுக்கு ஒரே கல்லூரி. நகரத்துக்கு மேல மன்சூரியேங்கிற மலைப்பக்கம் ஏறினா, 1960-ல் தொடங்கின அரபு பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி. வடக்கே திரிப்போலி பக்கம் போனா, மலை உச்சியில பலமந்து மடம். 12-ம் நூற்றாண்டுல ஐரோப்பியத் துறவிகள் கட்டின அந்த இடத்துல, 1970-ல இருந்து ஆர்த்தடாக்ஸ் சபையோட இறையியல் நிலையம் இருக்கு.

தமாத்தூண்டு நாட்டுல எதுக்கு இத்தனை? லெபனான் அரசு அதிகாரபூர்வமா அங்கீகரிச்ச மதப்பிரிவுகள் மொத்தம் 18. அதுல 12 கிறிஸ்தவப் பிரிவுகள்! ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம்ங்கிறது அங்கே எழுதாத சட்டம். கல்யாணம், விவாகரத்து எல்லாம் அந்தந்த மத நீதிமன்றத்துல. அதனால அங்கே ஒரு சபைக்கு, பூசை வைக்க மட்டும் இல்ல, கோர்ட் நடத்தவும் படிச்ச ஆள் வேணும்.

முதல் சிக்கல் இங்கேயே ஆரம்பிக்குது. காசு!

2019 கடைசியில லெபனான் பொருளாதாரம் தலைகுப்புற விழுந்தது. பேங்க்ல டாலர் போட்டு வச்சவங்களுக்கே எடுக்க முடியல. அதுவரைக்கும் ஒரு டாலர், சுமார் 1,507 லெபனான் பவுண்டு. 2023-ல் அது 89,000-த்தைத் தாண்டிடுச்சு. கணக்குப் போடுங்க. 2019-ல் 15 லட்சம் பவுண்டு சம்பளம் வாங்கின ஒரு ஆசிரியர் கையில ஆயிரம் டாலர். அதே 15 லட்சம் 2023-ல் 17 டாலர்கூட இல்ல. நடுவுல 2020 ஆகஸ்ட் 4. துறைமுகத்துல தேங்கிக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடிச்சு, 200 பேருக்கு மேல செத்துப் போனாங்க. பாதி நகரத்துல ஜன்னல் கண்ணாடி மிச்சமில்ல.

இந்த நிலைமையில உள்ளூர் சபைகளால காலேஜ் நடத்த முடியுமா? வெளிநாட்டு நன்கொடைதான் கைகொடுக்குது. ஆனா நன்கொடை வந்தா கூடவே கேள்வியும் வரும். "இந்த வருஷம் எத்தனை பேரைச் சேர்த்தீங்க? எத்தனை பேர் பாஸ்?" கேக்குறது நியாயம்தான். ஆனா, எதைப் படிப்பிக்கணும்ங்கிற முடிவும் மெள்ள மெள்ள பணம் வர்ற திசைக்குச் சாய ஆரம்பிச்சுடும். அங்கேதான் பிரச்னை.

ஸ்டாப் 2: கெய்ரோ

எகிப்துல கிறிஸ்தவங்க சுமார் 10 சதவிகிதம்னு பொதுவா சொல்வாங்க. பெரும்பாலும் காப்டிக் ஆர்த்தடாக்ஸ். அவங்களோட குருக்கள் கல்லூரி 1893-ல் தொடங்கினப்போ ஒரு வேடிக்கை நடந்தது. காலேஜ் இருக்கு, மாணவர்கள் இருக்காங்க, இறையியல் சொல்லித்தர ஆள் இல்ல! ஹபீப் கிர்கிஸ்னு ஒரு மாணவர், தானாவே தேடித் தேடிப் படிச்சவர். படிப்பு முடியறதுக்கு முன்னாடியே அவரை வாத்தியாராக்கிட்டாங்க. பிற்பாடு அந்தக் கல்லூரிக்கே தலைவர் ஆனார். எகிப்து முழுக்க ஞாயிறு பள்ளி இயக்கம் பரவினதும் அவராலதான். 2013-ல் காப்டிக் சபை அவரைப் புனிதராவே அறிவிச்சது. நம்ம செட்ல முதல் பெஞ்ச் பார்ட்டிகள் கவனிக்கவும்!

புராட்டஸ்டன்ட் பக்கம் கதை இன்னும் சுவாரஸ்யம். 1863-ல் அவங்க இறையியல் கல்லூரி தொடங்கினது கட்டடத்துல இல்ல, படகுல! 'ஐபிஸ்'னு ஒரு வீட்டுப் படகு. நைல் நதியில ஊர் ஊரா மிதந்துக்கிட்டே வகுப்பு. கெய்ரோ அப்பாசியா பகுதியில சொந்தக் கட்டடத்துக்கு வந்தது 1926-ல்.

அதே அப்பாசியாவுலதான் காப்டிக் தலைமை ஆலயம். 2016 டிசம்பர்ல, அதை ஒட்டியிருக்கிற புனித பேதுரு ஆலயத்துக்குள்ள ஞாயிறு பூசை நேரத்துல குண்டு வெடிச்சது. இருபது பேருக்கு மேல பலி, அதிலயும் பெண்கள் அதிகம். அடுத்த வாரம் பிரசங்க மேடையில ஏறுறவன் என்ன பேசணும்? 'சாட்சியா சாவு'னு ஆறுதல் சொல்றதா, கோபப்படறதா, மன்னிக்கச் சொல்றதா? இந்தக் கேள்விக்கு வேற நாட்டுப் பாடப் புத்தகத்துல ரெடிமேட் பதில் இருக்காது.

அங்கீகாரம்தான் அடுத்த தலைவலி. அரபு நாடுகள் பலதுல கல்வி அமைச்சகக் கணக்குல இந்தக் கல்லூரிகள் யுனிவர்சிட்டி லிஸ்ட்லயே வராது. சபையோட உள் விவகாரமாத்தான் பார்ப்பாங்க. அதனால அந்த டிகிரியைக் காட்டி அரசு யுனிவர்சிட்டியில எம்.ஏ. சேர முடியாது, அரசு வேலைக்கு மனு போட முடியாது. கல்லூரிகள் வேற வழி கண்டுபிடிச்சாங்க. வட்டார அளவுல தங்களுக்குள்ள சங்கம் வச்சு தரம் பார்க்குறது, ஐரோப்பிய, அமெரிக்க யுனிவர்சிட்டிகளோட கைகோத்துக்கிறது. இதுல ஒரு கூத்து என்னன்னா, சொந்த நாட்டுல செல்லாத சர்ட்டிஃபிகேட் வெளிநாட்டுல செல்லும். அப்ப பையன் எங்கே போவான்?

ரெண்டு அரபி!

நாம எழுதறது ஒரு தமிழ், பேசறது ஒரு தமிழ். அரபியில அந்த இடைவெளி இன்னும் பெருசு. புத்தகத்துல, செய்தியில ஃபுஸ்ஹாங்கிற செந்தரம். வீட்டுல, தெருவுல ஊருக்கொரு பேச்சு வழக்கு. மொராக்கோக்காரர் வேகமா பேசினா லெபனான்காரர் முழிப்பார்.

புராட்டஸ்டன்ட் சபைகள்ல இன்னைக்கும் ரொம்பப் புழக்கத்துல இருக்கிற அரபு பைபிள் 1865-ல் பெய்ரூட்ல முடிஞ்சது. எலி ஸ்மித் ஆரம்பிச்சு, அவர் இறந்த பிறகு கார்னீலியஸ் வான் டைக் முடிச்சார். ஆனா மொழிக்கு மெருகு போட்டவங்க உள்ளூர் அறிஞர்கள்... புத்ருஸ் அல்-புஸ்தானி, நாசிஃப் அல்-யாஸிஜி. யூசுஃப் அல்-அசீர்னு ஒரு முஸ்லிம் ஷேக்கும் அதுல உதவியிருக்கார். அடடே!

இன்னொரு விஷயம் தெரியுமா? அரபுக் கிறிஸ்தவங்களும் கடவுளை 'அல்லாஹ்'னுதான் கூப்பிடுவாங்க. அரபியில கடவுளுக்கு அதுதான் சொல். ஆனா இயேசுவை குர்ஆன் 'ஈஸா'ங்குது, கிறிஸ்தவங்க 'யசூ'ங்கிறாங்க. ஒரே ஒரு பேர்ச்சொல்லுல யார் எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடும். அதனால அங்கே இறையியல் மாணவனுக்கு மொழின்னா வெறும் கிராமர் இல்ல. எந்தச் சொல்லைச் சொன்னா பக்கத்து வீட்டு முஸ்லிம் நண்பனுக்கும் புரியும், தன் பாட்டிக்கும் மனசு நோகாதுன்னு பார்த்துப் பேசணும்.

அப்ப வகுப்பு எந்த மொழியில? பெய்ரூட் ஹம்ரா கல்லூரியில இங்கிலீஷ். ஆர்மீனியர், அரபியர்னு கலந்து படிக்கிறாங்க, நூலகமும் பெரும்பாலும் அந்த மொழிதான். மன்சூரியேயிலயும், 1991-ல் அம்மான்ல தொடங்கின ஜோர்டான் கல்லூரியிலயும் அரபி. இங்கிலீஷ்ல படிச்சா உலகம் முழுக்கப் புத்தகம் கிடைக்கும், ஆனா கிராமத்துச் சபையில பேசறப்போ நாக்கு தடுமாறும். அரபியில படிச்சா ஜனங்களோட பேசலாம், ஆனா ஆய்வுக்குப் புத்தகம் தேடி அலையணும். ரெண்டுலயும் ஒரு கை குறையுது.

ஸ்டாப் 3: பெத்லகேம்

ஜெருசலேம்ல இருந்து பெத்லகேம் பத்து கிலோமீட்டர்கூட இல்ல. நம்ம ஊரா இருந்தா டவுன் பஸ்ல தொங்கிக்கிட்டே போயிடலாம். அங்கே நடுவுல எட்டு மீட்டர் உயரத்துக்கு கான்கிரீட் சுவர், செக்பாயின்ட், பெர்மிட். பெத்லகேம் பைபிள் காலேஜ் 1979-ல் தொடங்கினது. 'நம்ம பசங்க படிக்க வெளிநாடு போனா திரும்பி வர்றதில்ல, அதனால இங்கேயே படிக்கட்டும்'ங்கிற கவலைதான் இந்த மாதிரி கல்லூரிகளுக்கு வித்து.

இங்கே மாணவனுக்கு வர்ற சந்தேகம் வேற ரகம். பழைய ஏற்பாட்டைத் திறந்தா பக்கத்துக்குப் பக்கம் 'இஸ்ரவேல்'. சங்கீதத்துல அந்தப் பேரைச் சொல்லித் துதிக்கணும். வெளியில வந்தா அதே பேர் எழுதின சீருடையில நிக்கிற சிப்பாய், அடையாள அட்டை கேக்குறார். ரெண்டும் ஒண்ணா, வேறயா? நயீம் அத்தீக்ங்கிற பாலஸ்தீன ஆங்கிலிக்கன் குரு 1989-ல் ஒரு புத்தகமே எழுதி இந்தச் சிக்கலை நேருக்கு நேர் பேசினார். 2010-ல இருந்து பெத்லகேம் கல்லூரி 'செக்பாயின்ட்டில் கிறிஸ்து'ங்கிற பேர்ல மாநாடு நடத்திச்சு. உலகம் முழுக்க இருந்து வந்தவங்கள்ல கைதட்டினவங்களும் உண்டு, கடுமையா எதிர்த்தவங்களும் உண்டு.

2023 கிறிஸ்துமஸ் ஞாபகம் இருக்கா? காஸா போர் நடுவுல, பெத்லகேம்ல ஒரு லூத்தரன் சர்ச்சில மாட்டுக்கொட்டகைக்குப் பதிலா இடிபாட்டுக் கற்களைக் குவிச்சு, அதுக்கு நடுவுல குழந்தை இயேசுவை வச்சாங்க. அந்தப் படம் உலகம் பூரா போச்சு. அந்தச் சர்ச்சோட போதகர் முந்தர் ஐசக், அப்ப அதே பைபிள் காலேஜ்ல கல்வித் தலைவர். அங்கே வகுப்பறைக்கும் தெருவுக்கும் அவ்வளவுதான் தூரம்.

ஸ்டாப் 4: எர்பில்

காலேஜே மூட்டை கட்டின கதை கேட்டிருக்கீங்களா?

பாக்தாத் தோரா பகுதியில கல்தேயக் கத்தோலிக்க சபை 1991-ல் பேபல் கல்லூரியை ஆரம்பிச்சது. தத்துவம், இறையியல் ரெண்டும் உண்டு. 2003-ல் அமெரிக்கப் படையெடுப்பு. அதுக்கப்புறம் கடத்தல், கொலை மிரட்டல், குண்டு. 2007 தொடக்கத்துல கல்லூரியும் குருமடமும் வடக்கே எர்பில் பக்கத்துல இருக்கிற அன்காவாவுக்கு இடம் மாறிடுச்சு.

அங்கேயாவது நிம்மதியா? 2014 ஜூன்ல மொசூல் ஐ.எஸ். கையில விழுந்தது. கிறிஸ்தவ வீடுகள் மேல 'நூன்'ங்கிற அரபு எழுத்தைக் கிறுக்கினாங்க. நசரானி, அதாவது நசரேயன்ங்கிறதோட முதல் எழுத்து. ஆகஸ்ட்ல நினிவே சமவெளியில இருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமானவங்க ஒரே ராத்திரியில கிளம்பி வந்தாங்க. அன்காவா சர்ச் தோட்டம், ஸ்கூல், பாதி கட்டின கட்டடம்னு எங்கே பார்த்தாலும் பாய். நீங்க அப்ப அங்கே குருமட மாணவரா இருந்தா, பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்களா, பால்பவுடர் தூக்கியிருப்பீங்களா?

ஆச்சரியம் என்னன்னா, அடுத்த வருஷமே, 2015-ல், எர்பில்ல ஒரு கத்தோலிக்க யுனிவர்சிட்டியைத் திறந்தாங்க. ஊரே காலியாகிற நேரத்துல! இளைஞர்களுக்கு இங்கேயே படிப்பும் வேலையும் கிடைச்சாத்தான் தங்குவாங்கங்கிறது அவங்க கணக்கு. 2003-க்கு முன்னாடி பத்து லட்சத்துக்கும் மேலன்னு சொல்லப்பட்ட இராக் கிறிஸ்தவங்க, இப்ப அதுல சின்னப் பங்குதான். ஆள் இல்லாத ஊருக்கு வாத்தியார் எதுக்குன்னு கேக்கலாம். வாத்தியாரும் போயிட்டா மிச்சம் இருக்கிறவங்களும் போயிடுவாங்கங்கிறது அவங்க பதில்.

கேர்ள்ஸ் பெஞ்ச்

இந்த வகுப்புகள்ல பெண்களும் உண்டு. படிப்பு ஒண்ணுதான், பட்டமும் ஒண்ணுதான். பாஸ்டர் ஆகலாமாங்கிறதுலதான் இழுபறி. பெய்ரூட் கல்லூரியில படிச்ச நஜ்லா கஸ்ஸாபுக்கு 1993-லயே பிரசங்கம் பண்ண லைசென்ஸ் கிடைச்சது. முழுப் போதகரா குருப்பட்டம் கிடைச்சது எப்ப தெரியுமா? 2017 மார்ச்ல. 24 வருஷ வெயிட்டிங்! அதுக்குச் சில வாரம் முன்னாடிதான் லெபனான் திரிப்போலியில ரோலா ஸ்லைமானுக்குப் பட்டம் கொடுத்தாங்க. அரபு உலகத்துலயே அப்படி குருப்பட்டம் வாங்கின முதல் பெண் அவங்க. எகிப்து பிரஸ்பிட்டேரியன் சபையோ 2016-ல் இந்தப் பேச்சையே பத்து வருஷத்துக்குத் தள்ளி வச்சது.

எதிர்க்கிறவங்க பக்கமும் ஒரு வாதம் இருக்கு. "நாங்க இங்கே சின்னக் கூட்டம். பெரிய சபைகளும் அக்கம்பக்கமும் ஒத்துக்காத ஒண்ணை நாம மட்டும் செஞ்சா உறவு கெடும்"ங்கிறாங்க. "அப்ப எங்களைப் படிக்க வச்சது எதுக்கு?"ங்கிறது அந்தப் பெண்களோட கேள்வி.

ஒரே மெஸ்ஸில் எதிரிகள்

விசா கஷ்டம், பெட்ரோல் விலை, போர்... இதுக்கெல்லாம் சேர்த்து ஆன்லைன் வகுப்பு வந்துடுச்சு. அல்ஜீரியாவுல இருக்கிறவர் வேலையை விடாமலே பெய்ரூட் பாடத்தைப் படிக்கலாம். சொந்த ஊரை விட்டே போகாததால, திரும்பி வருவாரா மாட்டாரானு கவலையும் இல்ல. சூப்பர்தான். ஆனா கரன்ட் இருக்கணும், நெட் இருக்கணும். கூடவே இன்னொண்ணு கை நழுவுது.

1976-ல் லெபனானுக்குள்ள வந்த சிரியா ராணுவம் 2005-லதான் வெளியேறிச்சு. அந்தக் காலத்துல அடி வாங்கின லெபனான்காரங்க ஏராளம். 2011-ல் சிரியாவுல போர் வெடிச்சதும், பத்து லட்சத்துக்கும் மேல அகதிகள் அதே லெபனானுக்குள்ள வந்தாங்க. அப்பாவைச் சிரியா சிப்பாய் அடிச்சதைப் பார்த்து வளர்ந்த ஒரு லெபனான் பையனும், அலெப்போவுல வீட்டைப் பறிகொடுத்த ஒரு சிரியாப் பையனும் ஒரே ஹாஸ்டல்ல, ஒரே மெஸ்ல, ஒரே தட்டு ஹும்முஸைத் தொட்டுச் சாப்பிட்டுப் பழகறதை எந்த ஸ்க்ரீன்ல நடத்துவீங்க? 'எதிரியை நேசி'ங்கிற பாடத்துக்கு அங்கே பிராக்டிகல் அதுதான். அகதிகளுக்கு லெபனான் சபைகள் கதவைத் திறந்தப்போ, முன்னாடி நின்னு வேலை பார்த்தவங்கள்ல இந்த மாதிரி வகுப்பறைகள்ல இருந்து வந்தவங்களும் இருந்தாங்க.

இனி மேல்படிப்பு. பி.எச்டி.க்கு பிரிட்டனோ அமெரிக்காவோ போகணும். 25 வயசுல போய், 32 வயசுல முடிக்கறப்போ குழந்தை அங்கே ஸ்கூல்ல. ஊர்ல அம்மா போன்ல சொல்றாங்க: "இப்ப வராதப்பா, நிலைமை சரியில்ல." காலேஜ்ல இருந்து மெயில் வருது: "புதிய ஏற்பாடு எடுக்க ஆள் இல்ல, எப்ப வர்றீங்க?"

வராதவங்களைக் குத்தம் சொல்ல நமக்கு யோக்கியதை இல்ல. வந்தவங்களும் இருக்காங்க. அவங்கதான் நாளைக்குக் காலையில எட்டு மணி வகுப்புல, ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவுல, அபூ குர்ரா விட்ட இடத்துல இருந்து அரபியில பாடம் எடுக்கணும். அந்த மெயில் உங்க இன்பாக்ஸுக்கு வந்திருந்தா, என்ன பதில் போடுவீங்க?